ஏலக் குரலில் பதிகம்

இதை எழுதாமலே விட்டுவிடத்தான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் பதிகம் படித்தேன் என்று எழுதினால் நீர்வேலியில் ஒருத்தனும் நம்பமாட்டான். நம்பாவிட்டால் போகட்டும்.

அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது. விடியக்காலையில் அம்மா சாமியறையில் விளக்கேற்றுவார், அப்பா ஒரு பதிகம் படிப்பார், பிறகுதான் தேத்தண்ணி. நான் போர்வைக்குள் கிடந்து கொட்டாவியால் பின்பாட்டுப் பாடுவேன். அப்பா போனபின் அம்மா சாமியறைக் கதவையே திறப்பதில்லை. கேட்டதற்கு மட்டும் "ஓம்", "இல்லை" என்பார். எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிட மறந்துவிடுவார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பயத்தைக் காட்டிப் பழக்கமில்லாததால் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். பலிக்கவில்லை.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த நினைவு மலரில் ஒரு கட்டு மிஞ்சிக் கிடந்தது. அட்டையில் அப்பாவின் படம். உள்ளே, எங்கள் பக்கத்து வழக்கப்படி, பதிகங்கள். ஒருநாள் காலை ஒன்றை எடுத்துக்கொண்டு சாமியறைக்குள் புகுந்தேன். ராகம் எனக்கு எங்கே தெரியும்? சந்தையில் வாழைக்குலை ஏலம் கூறுகிறவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே வேகத்தில் எடுத்துவிட்டேன்.

குசினி அடுப்படியிலிருந்து அம்மாவின் சத்தம் வந்தது.

"டேய், உதென்ன, வாழைக்குலை விக்கிறியோ?"

"கடவுள் இன்னும் விலை சொல்லேல்லை அம்மா."

"வாயைப் பொத்து. ஆறுதலாப் படி. கொப்பர் உப்பிடியே படிச்சவர்?"

அம்மா அப்பாவின் பேச்சை எடுத்து, அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசிப் பல நாளாகியிருந்தது. மறுநாளும் ஏலக் குரலிலேயே படித்தேன், வேண்டுமென்றே. திட்டிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகொரு காலை நான் போனபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எனக்கும் ஏதோ ஆகிவிட்டது. இப்போது படிக்காமல் வெளிக்கிட்டால் முகம் கழுவாமல் போனதுபோல இருக்கிறது. பாதி வரிகளுக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் படிக்கும்போது, அம்மாவைத் தவிர வேறு யாரோ ஒருவரும் கேட்டுக்கொண்டிருப்பதாகப் படுகிறது.

கோயில் திருவிழாக்கள் தொடங்கியதும் சந்தையும் முந்திக் கூடியது. ஒருநாள் படிக்காமலே ஓடினேன். மதியம் திரும்பினால், திரி காய்ந்து கிடந்தது. அம்மா பழையபடி சாப்பிடாமல் வாசற்படியில் இருந்தார்.

அன்று பின்னேரமே, என்னோடு குலை இறக்கும் நண்பனுக்கு போன் எடுத்தேன். அவன் வேதக்காரப் பெடியன், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவன்.

"மச்சான், நான் இனிக் கொஞ்சம் பிந்தித்தான் வருவன். வீட்டிலை பதிகம் படிக்கோணும். சிரிக்கிறதெண்டால் இப்பவே சிரிச்சு முடி."

நன்றாகவே சிரித்தான். பிறகு சொன்னான்:

"நீ ஆறுதலா வாடா, நீ வருமட்டும் உன்ரை ஏலத்தை நான் கூறிறன், வரேக்கை அம்மாட்டைச் சொல்லி எனக்கும் இடியப்பம் கட்டிக்கொண்டு வா."