ஞாயிற்றுக்கிழமை நடவு

ஞானபாக்கியத்துக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். உத்தமபாளையம் பக்கத்தில் நடவுக்குப் பெண்களைத் திரட்டிப் போகிறவள் அவள். அவள் கை காட்டிய வயலில்தான் இருபது பேரும் இறங்குவார்கள். ஆறு நாள் அந்த அதிகாரம் வயலில், ஏழாம் நாள் சர்ச்சில். ஓய்வுநாளில் யாராவது விறகு பிளந்தால்கூடத் தொலைந்தார்கள். ஒரு ஞாயிறு வாழைத்தார் விற்றான் என்று கிருபாவதியின் புருஷனை, பாவம், சபை முன்னால் நிற்க வைத்து மானத்தை வாங்கியவள் அவள். உபதேசியார் சுந்தர்ராஜே அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

1943ஆம் வருஷம், ஆனி மாதம். சபையைச் சேர்ந்த பொன்னுராஜ் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் இருந்தான். அவன் பெண்டாட்டி ஜெபராணிக்கு ஏழு மாதம். அவர்களுடைய குத்தகை நிலம் ஒரு ஏக்கரும் உழுது, சேறாக்கி, தண்ணீர் கட்டியாயிற்று, நடத்தான் ஆளில்லை. நடவுப் பெண்களை, நிலம் நிறைய வைத்திருந்த பெரிய சம்சாரிகள் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார்கள். நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை நிலக்காரர் வந்து, "திங்கக்கெழம காலையில வருவேன். நடாமக் கெடந்தா வேற ஆளுக்கு விட்டுருவேன்" என்று கறாராகச் சொல்லிப் போனார்.

ஜெபராணி ஞானபாக்கியத்திடம் ஓடி வந்தாள். "பெரியம்மா, அவுக திரும்பி வந்து நிலம் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று அழுதாள்.

ஞானபாக்கியம் விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தாள். அவள் ஆட்கள் சும்மா இருக்கிற ஒரே நாள் மறுநாள் ஞாயிறு. அந்த நாளில் வேலை கூடாது என்று ஊரை ஆட்டிவைத்தவளும் அவளேதான்.

மறுநாள் சர்ச்சில், உபதேசியார் பிரசங்கத்துக்கு வாய் திறக்கும் முன்பே அவள் எழுந்துவிட்டாள்.

"ஐயா, பிரசங்கத்த இன்னைக்கு வரப்புல வச்சுக்கிருவோம். எல்லாரும் ஜெபராணி வயலுக்கு வாங்க."

உபதேசியார் திகைத்துப்போனார். "என்னம்மா இது, ஓய்வுநாளாச்சே?"

"அங்கன குண்டு போடுறவன் ஞாயித்துக்கெழம லீவு விடுறானா ஐயா? பொன்னுராஜ் நிலத்த இங்கன நாம பறிகுடுத்துட்டு, அவனுக்காக செபம் பண்ணுனா, கர்த்தரு மொகத்துல எப்புடி முழிக்க?"

கிருபாவதி விருட்டென்று எழுந்தாள். "நல்லாருக்கே நாயம்! ஒத்த வாழத்தாருக்கு எம்புருசன நிக்க வச்சீகளே, அன்னைக்கு எங்க போச்சு இந்தப் பேச்சு? எங்க வீட்லயும் அன்னைக்கு அடுப்பெரியலதேன்."

ஞானபாக்கியம் பொங்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். அவளோ நடுவில் வந்து நின்று கை கூப்பினாள்.

"நான் பண்ணுனது தப்புதேன் ஆத்தா. எல்லாரும் பாக்கத்தேன் அவமானப்படுத்துனேன், எல்லாரும் பாக்கவே கேக்குறேன். மன்னிச்சுரு."

அந்த வாயிலிருந்து அப்படியொரு சொல்லைச் சபை கேட்டதே இல்லை. கிருபாவதி புடவையைத் தூக்கிச் செருகினாள். "சரி, வெயில் ஏறுது. வாங்க பெரியம்மா, போவோம்."

அவ்வளவுதான், சர்ச்சே காலி! ஆண்கள் நாற்றுப் பறித்தார்கள். உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்றுக் கட்டுகளைச் சுமந்தார். பெண்கள் கீர்த்தனை பாடிக்கொண்டே நட்டார்கள். "ஐயா, கட்ட வரப்புல போடாதீக, சேத்துக்குள்ள வீசுங்க!" என்று ஞானபாக்கியம் உபதேசியாரையே அதட்டினாள். மன்னிப்புக் கேட்டதால் அவள் குணம் மாறிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பொழுது சாய்வதற்குள் நடவு முடிந்து, இருபது பெண்களும் போட்ட குலவையில் அடுத்த வயல்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

திங்கள் காலை நிலக்காரர் புது ஆளையும் கையோடு கூட்டி வந்தார். ஒரு ஏக்கரும் பச்சையாக நின்றது. "யாரு நட்டது?" என்றார், நம்பாமல்.

ஜெபராணி வரப்பில் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "எங்க சபை நட்டுச்சுங்க ஐயா. எங்க வீட்டுக்காரரு வர்ற வரைக்கும் அதுதேன் நடும்."

சொன்னபடியே நட்டது. அந்தச் சபையிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் ஐந்து பேர். போர் முடிகிற வரை ஒருவர் நிலமும் கைமாறவில்லை. 1946 தை மாதம் ஊர் திரும்பிய பொன்னுராஜ், சீருடையைக்கூடக் கழற்றாமல், விளைந்து கிடந்த தன் வயலுக்குள் இறங்கினான்.