ஈப்போவுக்கு எடுத்த இன்சூரன்ஸ்

என் பிழைப்பே இன்சூரன்ஸ் தாள்களோடுதான். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. கப்பலில் வருகிற, போகிற சரக்குக்கு யார் பொறுப்பு, எதுவரை பொறுப்பு என்று பார்க்க வேண்டும். அரிசி மூட்டை நனைந்து வந்து சேர்ந்தால் சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயர் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஏற்றும்போதே ஈரமா, வழியில் நனைந்ததா? அதற்கான பதிலைப் பொறுத்துத்தான் பணம். வருஷக்கணக்காக இதிலேயே உழன்றதில், எந்த பாலிசியைக் கையில் கொடுத்தாலும் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பொடி எழுத்துக்குப் போகிற புத்தி வந்துவிட்டது. வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். "பால் பாக்கெட்டையே ரெண்டு தபா பட்ச்சிட்டுதான் ஒடைப்பா" என்பார் என் வீட்டுக்காரர்.

அவருடைய தங்கை கல்யாணமாகிப் போன ஊர் மலேசியாவில் ஈப்போ. அங்கே புது வீடு கட்டியிருந்தாள். அண்ணன் குடும்பத்தோடு வந்தே தீர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவர், நான், நாலாவது படிக்கிற மகள், மூன்று பேருக்குமே அதுதான் முதல் விமானப் பயணம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், "ஒசரம்லாம் நமக்கு புச்சா?" என்று அலட்டிக்கொண்டே பெட்டி வாங்கக் கிளம்பிவிட்டார். இன்சூரன்ஸ் என் தலையில் விழுந்தது.

முதலில் அது தண்டச் செலவு என்றார். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தால் என்ன பில் வரும் என்று தங்கையே போனில் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார். எண்ணூரில் எங்கள் வீடு பேங்கில் கடன் வாங்கிக் கட்டியது. ஒவ்வொரு செங்கல்லுக்கும் அவரே நின்று தண்ணீர் ஊற்றினார். அந்த வீட்டை அடகு வைக்கிற மாதிரி ஒரு பில் வருவதை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பயம்.

ஆன்லைனில் தேடி, ஒரு கம்பெனியில் என் நம்பரைக் கொடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெண் கூப்பிட்டாள். குரலில் சின்னப் பெண்ணாகத் தெரிந்தது, நல்ல மரியாதை. எங்கே போகிறோம், எப்போது திரும்புகிறோம், யாருக்கு என்ன வயது என்று கேட்டுக்கொண்டு வந்தாள். "மேடம், மூணு பேர்ல யாருக்காவது ஏற்கெனவே இருக்கிற வியாதி ஏதாவது?" என்றாள். இல்லை என்றேன். "சுகர், பிரஷர், ஹார்ட், ஆஸ்துமா?" எதுவும் இல்லை என்றேன்.

"சாரி மேடம், பின்னாடி ஏதோ மோட்டார் ஓடுது, கொஞ்சம் சத்தமா பேசுறீங்களா?"

"மோட்டார் இல்லம்மா, நெபுலைசர்."

மறுமுனையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. பிறகு, "யாருக்கு மேடம்?" என்றாள்.

"பொண்ணுக்கு."

"அப்போ அவங்களுக்கு ஆஸ்துமா இருக்கா?"

"சே, அதெல்லாம் இல்ல. இங்க எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் நெபுலைசர் மிக்சி மாதிரி, பாதி வீட்டில் உண்டு. எங்களுடையது ரிப்பேரானால் எதிர்வீட்டில் வாங்கிக்கொள்வோம், மாஸ்க் மட்டும் அவரவருடையது. சர்க்கரை என்றால் வியாதி, நெஞ்சுவலி என்றால் வியாதி. இதற்குப் பெயர் வீசிங். பனி வந்தால் வரும், மாடியில் காயப்போட்ட துணியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிகிற நாட்களில் வரும். மருந்தை ஊற்றி ஸ்விட்சைப் போட்டால் போகும். அவளுக்காக ஐஸை நிறுத்தினோம், தயிரை நிறுத்தினோம், ஆசையாக வளர்த்த பூனையைக்கூட எங்கேயோ கொண்டுபோய் விட்டோம். டாக்டரும் வீசிங் என்றுதான் சொல்வார், நாங்களும் அதையே சொல்வோம்.

அந்தப் பெண் இரண்டு பாலிசியை விளக்கினாள். ஒன்று விலை குறைவு, ஆனால் ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு ஒரு பைசா வராது. விலை கூடிய இன்னொன்றில் அந்த வியாதியே உயிருக்கு ஆபத்தாக முற்றினால் பணம் உண்டு. ஆனால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், டாக்டர் கடிதமும் வேண்டும். "சொல்லாம எடுத்துட்டு அங்க போய் ஏதாவது ஆச்சுன்னா க்ளெய்ம் நிக்காது மேடம்" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது இன்னா நோவா? ஊரே இருமிகினு கீது. அப்ப ஊருக்கே நோவா?"

"ஆமான்னுதான் தோணுது" என்றேன்.

"கம்னு இருமே. பொட்டப் புள்ளைக்கு ஆஸ்துமான்னு நாமளே எய்திக் குடுத்தா அது கம்ப்யூட்டர்ல ஏறிக்கும். நாளிக்கி கல்யாணம் காச்சின்னு வந்தா எவன் பார்ப்பான்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி மூச்சு விடணும்ல?"

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு பெயரை ஒட்டிவிட்டால் அதைப் பிய்த்து எடுக்க முடியாது. ஆனால் ஆபீசில் கெமிக்கல் டிரம்மைச் சோப்பு டிரம் என்று எழுதச் சொன்னவனை வெளியே போகச் சொன்னவள் நான். என் மகள் விஷயத்தில் மட்டும் வேறு மாதிரி எழுதுவதா? அங்கே அவளுக்கு மூச்சு திணறி, நான் எழுதாமல் விட்ட ஒரு வார்த்தைக்காக ஆஸ்பத்திரி வாசலில் நிற்க நான் தயாராக இல்லை. பெரிய பாலிசியைத்தான் எடுப்பேன் என்றேன். அதன் பிறகு சாப்பாட்டுக்குக்கூட ஜாடையில்தான் பேசினார்.

திருவொற்றியூரில் அவளைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிற டாக்டரிடம் மூன்று பேருமாகப் போனோம். பேச்சு இல்லாவிட்டாலும் வண்டியை அவர்தான் ஓட்டினார். டாக்டர் தயங்கவே இல்லை. லெட்டர் பேடை இழுத்து, எங்களால் வாயால் சொல்ல முடியாமலிருந்ததை ஒரே வரியில் எழுதினார். "நாம வீசிங்னு சொல்றதுதாம்மா இது" என்றார். பிறகு, "வெளியூர் போனா எப்படி இருக்கா?" என்று கேட்டார். வீட்டுக்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோயில், கல்யாணம் என்று ஓரிரு நாள் போனதைத் தவிர அவளை எங்கேயும் கொண்டுபோனதில்லை. "போய்ட்டு வந்து சொல்லுங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மகள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது. "இந்த ஆஸ்துமா எனக்கு கீதாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அழவில்லை. தன் வகுப்பில் யார் யார் பையில் மூச்சுக்கு இழுக்கிற பஃப் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினாள். ஒரு கையின் விரல் தீர்ந்து அடுத்த கைக்குப் போனாள். "அப்ப அவங்களுக்கும் கீதா?" என்று கேட்டாள். அவர் வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார்.

பெரிய பாலிசியை எடுத்தோம். பாலிசியில் அவள் பெயருக்கு நேரே அந்த வியாதியையும் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அவள் வயதைக் கேட்டார்கள், எடையைக் கேட்டார்கள், எந்த மருந்து என்று கேட்டார்கள். எங்கள் விலாசத்துக்கு மட்டும் பின்கோடு போதும் என்று விட்டுவிட்டார்கள். சரக்கு என்றால் ஏற்றும்போதே ஈரமா, வழியில் நனைந்ததா என்று கேட்டுக் குடைகிறவர்கள், பிள்ளை விஷயத்தில் அதைக் கேட்கவில்லை.

ஈப்போவில் நெபுலைசரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. முதல் இரண்டு நாள் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அத்தை வீட்டுப் பிள்ளைகளோடு தெருக்கோடிவரை ஓடினாள். ஐஸைச் சீவி, சிவப்புப் பாகு ஊற்றி, அவித்த காராமணி மாதிரி ஏதோ போட்டு விற்கிறார்கள். அதைத் தினமும் ஒரு கிண்ணம் காலி பண்ணினாள். முதல் நாள் "வேணாம்" என்று கையை நீட்டினேன், அடுத்த நாள் நீட்டவில்லை. படுத்தால் வாயை மூடித் தூங்கினாள். வாயை மூடித் தூங்குகிற என் மகளை நான் அங்கேதான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. தயிரின் மேலும் பூனையின் மேலும் பழியைப் போட்டு எத்தனை வருஷம்!

அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள், பிள்ளை நன்றாக ஓடியாடுகிறாள் என்று சொன்னபோது, "அவளுக்கு ஆஸ்துமாங்க" என்று அவரே சொன்னார். அந்த அம்மாள் நம்பவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் மகள் அத்தையிடம், "நான் இங்கயே இருந்து படிக்கட்டா?" என்று கேட்டாள். ஊர் பிடித்துவிட்டதா என்று அத்தை சிரித்தாள். "இல்ல அத்தை, இங்க படியேறுனா நடுவுல நிக்க வேணாம்" என்றாள். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

திரும்பும் விமானத்தில் அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் தூங்கினாள். அவர் அவள் தலைக்கு மேலாக என் பக்கம் சாய்ந்தார்.

"அந்த இன்சூரன்ஸ் எதுவரைக்கும்?"

"சென்னைல எறங்கி, பாஸ்போர்ட்ல சீல் குத்துனா முட்ஞ்சிது."

"அதுக்கப்பால?"

"அதுக்கப்பால நாமதான்."

சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ஆவடி பக்கம் வூட்டு வாடக இன்னா வரும்?" என்றார்.

எங்கள் பக்கத்துப் புகையும் சாம்பலும் ஆவடி வரை எட்டாது. எண்ணூர் வீட்டின் கடன் இன்னும் பாதிகூட அடையவில்லை. "அங்கேர்ந்து காட்டுப்பள்ளிக்கு டூட்டிக்கி எப்புட்றா வருவ?" என்று, கல்யாணமான புதிதில் கூப்பிட்ட மாதிரி கேட்டேன்.

"வர்றேன்" என்றார்.