கிரேன் மாமாவின் ஸ்ட்ராப்

என் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்துவோம். அவ்வளவு உயரம். அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அவருக்குப் பெயர் கிரேன். நேரில் 'கிரேன் சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் கிரேன். இரண்டும் அவர் காதில் விழும், இரண்டுக்கும் சிரிப்பார்.

அவர் வேலையைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நாள் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கப்படும் குழந்தைகளை அவர் படம் எடுக்கிறார். பெற்றவள் வேறொரு மாடியில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பாள். தன் பிள்ளையின் முகத்தை அவள் முதலில் பார்ப்பது மாமா எடுத்த படத்தில்தான். அந்த அறைக்குள் செல்போன் கூடாது, ஃபிளாஷ் கூடாது. மங்கலான வெளிச்சத்தில் முகம் தெளிவாக விழ வேண்டுமானால் நல்ல கேமரா வேண்டும். நல்ல கேமரா கனமாக இருக்கும்.

பள்ளி முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த என்னை அம்மா மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். "அங்க போயாவது ஒரு இடத்துல உட்காரு." அதனால்தான் இந்த ஸ்ட்ராப் கதையின் பெரும்பகுதி என் கண் முன்னால் நடந்தது.

ஒருநாள் மாமா பெட்டியின் மேல் குனிந்தபோது, கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்த பழைய ஸ்ட்ராப்பின் தையல் ஒரு பக்கம் விட்டுவிட்டது. கேமரா சரிந்தது. மாமா அதை உள்ளங்கையில் ஏந்திவிட்டார். கண்ணாடி மூடித்தான் இருந்தது, குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஹெட் சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"அண்ணா, நான் நம்புற மாதிரி ஒரு பெல்ட்டோட வாங்க. அதுவரைக்கும் அந்தக் கேமரா இந்தக் கதவைத் தாண்டக் கூடாது."

"சிஸ்டர், மேல ஒரு அம்மா காத்துக்கிட்டு இருக்காங்களே."

"தெரியும். அவங்க பிள்ளைக்காகத்தான் சொல்றேன்."

அந்த அம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் இறங்கவில்லை. அவளைக் கீழே கொண்டுவர முடியாது, குழந்தையை மேலே கொண்டுபோக முடியாது. கட்டிலருகே யார் போனாலும் அவள் கேட்பது ஒன்றுதான்: "யார் ஜாடை?" துப்புரவு செய்ய வந்தவரிடமும் கேட்டிருக்கிறாள். இதைச் சொல்லும்போது மாமா தட்டில் இருந்ததைத் தொடவில்லை.

மறுநாள் கேமரா கடைக்காரரிடம் பேசி, ஒரு பை நிறைய ஸ்ட்ராப்புகளை எடுத்து வந்தார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. சாப்பாட்டு மேசையில் செருப்புப் பெட்டி வைத்து, அதற்குள் பழுத்த தக்காளி ஒன்றைப் படுக்க வைத்தார். தக்காளிதான் குழந்தை.

"சமையலுக்கு வாங்கினதுங்க அது" என்றாள் அத்தை.

"கொஞ்ச நேரம் பொறு. பிள்ளை தூங்குது."

தோல் ஸ்ட்ராப் பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஆனால் கிருமி மருந்தால் துடைத்ததும் வெளுத்துப் பிசுபிசுத்தது. கயிறு போன்றது யானையைக் கட்டினாலும் தாங்கும். மாமாவின் கழுத்தில்தான் சிவப்புக் கோடு போட்டது. ஏற்கெனவே அந்தக் கழுத்து நாள் முழுதும் குனிந்து குனிந்து வலியில் இருக்கிறது, அதில் பாரம் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஞ்சு வைத்த தடிமனான ஒன்று தலையணை போல சுகமாக இருந்தது. மாமா குனிந்தார். அது ரப்பர் போல நீண்டது. கேமரா மெல்ல இறங்கித் தக்காளியின் மேல் உட்கார்ந்தது.

"பிள்ளை போச்சு" என்றாள் அத்தை. "சட்னிதான்."

மாமா சிரிக்கவில்லை. நசுங்கிய தக்காளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு தக்காளியை எடுத்து வைத்தார்.

கடைசியில் ஒன்று தேறியது. ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகப் போகும் அகலப் பட்டை. பாரம் கழுத்துக்குப் போகாமல் முதுகில் பரவியது. நீளத்தைக் கூட்டிக் குறைக்க, கார் சீட் பெல்ட்டில் இருப்பது போல ஒரு பக்கிள். குளியலறைக் கொக்கியில் அதை மாட்டி, தண்ணீர் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். அசையவில்லை. தக்காளியும் தப்பியது. அத்தை அதைக் கையோடு அடுப்படிக்கு எடுத்துப் போய்விட்டாள்.

மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். தாழ்வாரத்துக் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கலாம். ஹெட் சிஸ்டர் ஸ்ட்ராப்பைத் தன் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்துத் தலையசைத்தார். மாமா பெட்டியருகே போய், கேமராவை மார்போடு நெருக்கிக்கொள்ள பக்கிளை அழுத்தினார்.

பக்கிள் போட்ட சத்தம் கண்ணாடிக்கு வெளியே எனக்குக் கேட்கவில்லை. குழந்தையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என் உள்ளங்கை அகலமுள்ள அந்த உடம்பு திடுக்கிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக் காற்றைப் பிடித்தது. எங்கிருந்தோ விழுவது போல. சிஸ்டர் திட்டவில்லை. மாமாவே வெளியே வந்துவிட்டார்.

"கனத்தைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன்" என்றார் என்னிடம். "காதைப் பார்க்கலையேம்மா."

கேமராவின் சத்தத்தை அவர் எப்போதோ அணைத்து வைத்தவர். ஸ்ட்ராப்புக்கும் ஒரு குரல் இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா பையைக் கவிழ்த்தார். பக்கிள் வைத்தவை எல்லாவற்றையும் ஒதுக்கினார். மிஞ்சியவற்றுக்கு இனி தக்காளி போதாது, காது உள்ள ஒன்று வேண்டும். அத்தை மதியம் கூடத்தில் பாய் விரித்துத் தூங்குவாள். ஊசி விழுந்தாலும் விழித்துக்கொள்ளும் தூக்கம் அது. மாமா ஒரு ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போய், அவள் முகத்துக்கு மேல் குனிந்தார். கொக்கி ஒன்று லேசாக உரசியது.

அத்தை ஒரு கண்ணைத் திறந்தாள். "என்னங்க, போட்டோ எடுக்கப் போறீங்களா, தலையில போடப் போறீங்களா?"

"தூங்கு, தூங்கு."

"எப்படித் தூங்குறது? மேல கிரேன் நிக்குதே."

அடுத்தது நீளத்தைக் குறைக்கும்போது சரசரவென்றது. அத்தை கண்ணைத் திறக்காமலேயே, "இதுவும் வேண்டாம்" என்றாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு ஓடினேன்.

நான் திரும்பி வந்தபோது மாமா வேறொன்றை மாட்டியிருந்தார். மழமழப்பான பட்டை, துடைத்தால் பளிச்சென்றாகும். அதுவும் தோளிலிருந்து குறுக்காகப் போவதுதான். கொக்கி இல்லை, திருகி மூடும் வளையம், அதன்மேல் ரப்பர் உறை. ஒரு சிறு நாடாவை இழுத்தால் பட்டை தானாகக் குறுகியது. தோளில் உள்ளது கைவிட்டாலும் காப்பாற்ற, மணிக்கட்டுக்குத் தனியாக ஒரு குட்டிக் கயிறு. மாமா குனிந்தார். நாடாவை இழுத்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். அத்தை மெல்லக் குறட்டை விட்டாள்.

மாமாவின் கண் கலங்கியிருந்தது. குறட்டைக்குக் கண்கலங்கிய மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த நாள் அதே தாழ்வாரம், அதே கண்ணாடி. சிஸ்டர் இழுத்துப் பார்த்தார். காதருகே வைத்து உரசியும் பார்த்தார். பிறகு வழிவிட்டார். மாமா பெட்டியின் மேல் குனிந்தார். அந்த நீண்ட உடம்பு இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. கேமரா ஆடவில்லை. தோள் ஆடவில்லை. மூச்சு விடுகிறாரா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. அவருக்குக் கீழே ஒரு விரல்நீளக் கால் மடங்கி நீண்டது. வாய் திறந்து ஒரு கொட்டாவி. இவ்வளவு பெரியது ஒன்று இவ்வளவு சிறியது ஒன்றின்மேல் இப்படி நிற்க முடியுமா? ஒரு நாற்காலியில் ஒழுங்காக உட்காரத் தெரியாத நான், கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தேன்.

படத்தை அச்செடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனோம். அந்த அம்மா படத்தை வாங்கினாள். கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி அருகே கொண்டுவந்தாள். மாமா வாசலில் தலை இடிக்காமல் குனிந்து நின்றார்.

"ஐயோ" என்றாள் அவள். "என் மாமியார் மூக்கு!"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு படத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மாமா சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.