பின்னால் கட்டிய முடிச்சு

சென்ட்ஸி ஐக்னருக்கு, பவேரியப் பெண்கள் திருவிழாவுக்கு உடுத்தும் பாவாடை உடையான டிர்ண்டல் புதிதாக ஒன்று தேவைப்பட்டது. ஊர்ப் பீர்த் திருவிழா வெள்ளிக்கிழமை ஊர்வலத்தோடு தொடங்குகிறது. அவள் கணவன் லோரென்ஸ் மே மாதக் கடைசியில் இறந்திருந்தான். இது ஆகஸ்ட்.

"மூணு மாசம்கூட முழுசா ஆகல. இந்த ஒரு வருஷம் போகாம இருந்தா என்னம்மா?" என்று கேட்டாள் மகள் கெர்லிண்டே. ரேகன்ஸ்புர்கில் லிஃப்ட் பழுது பார்க்கிறவள். அப்பா போனதிலிருந்து அவள் பேச்சு பாதியாகக் குறைந்திருந்தது.

"வீட்டுக்குள்ள உட்கார்ந்து துக்கம் கொண்டாடினா யாருக்குத் தெரியும்? வண்டிய எடு."

டிர்ண்டலுக்கு மேல் கட்டும் ஏப்ரனுக்கு ஒரு பூமுடிச்சு உண்டு. கல்யாணமாகாதவள் அதை இடப்பக்கம் போடுவாள், கணவன் உள்ளவள் வலப்பக்கம், கைம்பெண் முதுகுப் பக்கம். அந்த ஊரில் இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

லோரென்ஸ் மர அறுவை ஆலையில் வேலை பார்த்தான், ஊர் பேண்டில் டியூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை ஊதினான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, டியூபாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புர்கி ஸ்டாட்லர் வீட்டுக்குப் போனான். திரும்பவில்லை. விவாகரத்து கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பினான். "கோயில்ல கட்டினது. சாவுதான் பிரிக்கும்னு அவனும்தான் சொன்னான். போய்ச் சொல்லு" என்று வந்தவனைத் திருப்பி அனுப்பினாள் சென்ட்ஸி. வழக்குப் போட்டிருந்தால் சட்டம் அவனுக்கு வழிவிட்டிருக்கும். அவளைக் கூண்டில் நிறுத்த அவனுக்கு மனம் வரவில்லை. அதை அவள் கோழைத்தனம் என்றே சொல்லி வந்தாள்.

அத்தனை திருவிழாவிலும் அவள் முடிச்சு வலப்பக்கம்தான். ஊர்வலத்தில் பேண்டுக்கு அடுத்துப் பெண்கள் அணி. வருஷத்துக்கு ஒரு முறை, சர்ச்சிலிருந்து பீர்க் கூடாரம் வரை, கணவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பாள்.

ஊர் சும்மா இருக்குமா? அவள் வெள்ளரிப்பிஞ்சு ஊறுகாய் ஆலையில் ஓடும் பெல்ட்டின் முன் நின்று கோணல் பிஞ்சுகளைப் பொறுக்கிப் போடுகிறவள். பக்கத்தில் நின்ற ரோஸல் ஒரு நாள், "முடிச்சு வலப்பக்கம் இருந்தா மட்டும் போதுமா சென்ட்ஸி? கட்டில்ல வலப்பக்கம் காலியால்ல கிடக்கு" என்றாள். சென்ட்ஸி கையிலிருந்த பிஞ்சை அவள் வாய்க்கு நேராக நீட்டினாள். "இத வச்சு மூடு." அதற்குப் பிறகு யாரும் அவள் முகத்துக்கு நேரே பேசவில்லை.

துணிக்கடைக்காரி எடெல்ட்ராட் முதலில் ரோஜா நிறத்தில் மினுங்குகிற ஒன்றை எடுத்துப் போட்டாள்.

"என்னது இது? எங்க வீட்டு மேஜைத் துணி இதவிட நீளம்."

"இப்ப இதுதான் ஓடுது ஐக்னரம்மா."

"ஓடட்டும். நான் நடக்கிறவ."

கடைசியில் கருநீலத்தில் ஒன்று அமைந்தது. பார்வைக்குக் கறுப்பு மாதிரி. பாவாடை விளிம்பு தரையிலிருந்து ஒரு பீர்க் குவளை உயரத்தில் நிற்க வேண்டும். எடெல்ட்ராட் ஒரு லிட்டர் குவளையையே அவள் காலடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள். சரியாக இருந்தது. ஏப்ரனுக்குப் பட்டு காட்டியபோது சென்ட்ஸி தலையசைத்து மறுத்தாள். "பளபளன்னு இருந்தா சந்தோஷமா இருக்கேன்னு நினைப்பாங்க. பருத்தி குடு. கறுப்பு."

ஏப்ரனின் இரண்டு நாடாக்களையும் கையில் பிடித்தபடி எடெல்ட்ராட் தயங்கினாள். "எந்தப் பக்கம்..."

"பின்னாலதான். வேற எங்க?"

கட்டி முடித்து, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினாள். சென்ட்ஸி வெகுநேரம் பார்த்தாள். லோரென்ஸ் ஐக்னரின் கைம்பெண். அவன் சமையல், துவைத்த துணி, படுக்கை, கடைசிக்கால மருந்து எல்லாவற்றையும் புர்கி எடுத்துக்கொண்டாள். இதை எடுக்க முடியாது.

எடெல்ட்ராட்டுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நேத்து புர்கியும் வந்திருந்தா. கறுப்பு ஏப்ரன்தான் எடுத்துப் பார்த்தா. பின்னால கட்டினா யாராவது ஏதாவது சொல்லுவாங்களான்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல?"

"கட்டிட்டு வரச் சொல்லு. கூடாரத்துக்கு நடுவுல வச்சு நானே அவுத்து விடுறேன்." சென்ட்ஸி மகள் பக்கம் திரும்பினாள். "நீதான் அங்க போய் வர்ற ஆளாச்சே. போய்ச் சொல்லு."

"அம்மா, அவங்க இத்தன வருஷம் அப்பாகூட..."

"மாடும்தான் இத்தன வருஷம் தொழுவத்துல இருக்கு. பொண்டாட்டி ஆயிடுமா? சொல்லுவியா மாட்டியா?"

கெர்லிண்டே சன்னலுக்கு வெளியே பார்த்தாள். மருத்துவமனையில் அப்பாவின் கட்டிலுக்கு ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் புர்கியும் உட்கார்ந்திருந்தார்கள். சென்ட்ஸி வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டாள். கூப்பிட்டிருந்தார்கள்.

"சொல்றேன்" என்றாள் கெர்லிண்டே.

வெள்ளிக்கிழமை மதியம் அவள்தான் அம்மாவுக்கு முடிச்சுப் போட்டாள். கயிறும் கம்பியும் இழுத்துப் பழகிய கை.

"இறுக்கமா இருக்கா?"

"இன்னும் இறுக்கு. அவகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"சரின்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சென்ட்ஸிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு சண்டைக்காவது அவள் வந்திருக்கலாம்.

ஊர்வலத்தில் பெண்கள் அணியின் முதல் வரிசையில் அவளை நிறுத்தினார்கள். முன்னால் டியூபாவை வேறொருவன் ஊதினான்; குறுகலான முதுகு, தோல் கால்சட்டை புதுசு, இன்னும் விறைப்பு விடவில்லை. அவள் அந்த முதுகைப் பார்க்காமல் நேராக நடந்தாள். பின்வரிசைகளின் கண்கள் தன் இடுப்பில் இருப்பது தெரிந்தது. இருக்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்.

கூடாரத்தில் பெண்கள் அணிக்கு ஓரத்து மேஜை. கோழி வந்தது, முள்ளங்கி வந்தது, பீர் வந்தது. புர்கி பேண்டு மேடைக்கு அருகே தனியாக உட்கார்ந்திருந்தாள். பழைய சாம்பல் நிற டிர்ண்டல். அறுபது தாண்டிய இடுப்பில், குமரி மாதிரி, இடப்பக்கம் முடிச்சு.

மீசையில் நுரையோடு கிர்கல் என்பவன் எழுந்தான். "புர்கி, இன்னும் இடப்பக்கமா? அப்ப எனக்கும் வழி இருக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் மனைவி கால்சட்டைத் தோல்வாரைப் பிடித்து அவனைக் கீழே இழுத்தாள். "உட்காருடா கழுத."

அப்போது பேண்டு மாஸ்டர் அலோய்ஸ் மேடையை விட்டு இறங்கினார். தொப்பியைக் கழற்றி, புர்கியின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். அவருக்குப் பின்னால் மர ஆலை ஆட்கள் வந்தார்கள். அப்புறம் வாத்தியக்காரர்கள், அவர்கள் மனைவிமார்கள். இடப்பக்கத்து முடிச்சைப் பார்த்துக்கொண்டேதான் ஒவ்வொருவரும் கை கொடுத்தார்கள். லோரென்ஸை அடக்கம் செய்த நாளில் குழியருகே ஊர் சென்ட்ஸியின் கையைப் பிடித்தது. அங்கே அது முறை. இங்கே முறை என்று எதுவும் இல்லை.

"கோழி ஆறிடும்மா, சாப்பிடு. நான் இப்ப வந்துடுறேன்" என்று கெர்லிண்டே எழுந்தாள். மேஜைகளுக்கு நடுவே புகுந்து போய், புர்கியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். புர்கி தன் கைக்குட்டையை அவளிடம் கொடுத்தாள். இறந்த நாளிலிருந்து அம்மா முன்னால் அழாத பெண், அங்கே உட்கார்ந்து அழுதாள்.

பேண்டு லோரென்ஸுக்குப் பிடித்த அணிவகுப்பு இசையை எடுத்தது. அவன் நினைவாக டியூபாவை ஊதாமல் தரையில் வைத்துவிட்டார்கள். கனத்த அடிக்குரல் இல்லாமல் இசை மெல்லிசாக ஒலித்தது. கூடாரம் முழுவதும் எழுந்து மேடைப் பக்கம் திரும்பியது. சென்ட்ஸியும் எழுந்தாள். அவளுக்கு முன்னால் எல்லாரும் முதுகு காட்டி நின்றார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் கூடாரத் துணி மட்டும் இருந்தது.

இசை முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த ரோஸல், "முடிச்சு நல்லா அமைஞ்சிருக்கு சென்ட்ஸி" என்றாள்.

"பார்த்தியா?"

"ஊர்வலத்துல பார்த்தேன்."

"இப்ப தெரியுதா?"

"நீ உட்கார்ந்திருக்கியே, எப்படித் தெரியும்?"

சென்ட்ஸி கோழியைத் தொடாமல் வீட்டுக்கு நடந்தாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. மகள் கூடவே வரவில்லை. அம்மா எழுந்து போனதை அவள் கவனித்தாளா என்பதும் தெரியவில்லை.

சமையலறையில் நின்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஆலைப் பெல்ட்டின் முன் நின்றே தேய்ந்துபோன தோள்கள். கை பின்னால் அந்த அளவுக்குப் போகவில்லை. விரல் நுனி பட்டது, பிடி கிடைக்கவில்லை. கெர்லிண்டே போட்டது, லேசில் இளகாது. பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. ஊரே கூடாரத்தில் இருந்தது.

மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு ஏப்ரனை இடுப்போடு கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். முதுகிலிருந்து நகர்ந்து விலாப்பக்கம் வந்த முடிச்சு, வலது இடுப்பில் பாவாடைத் தையலில் சிக்கி நின்றது. இழுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் வரவில்லை.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆற்றுப் பக்கமிருந்து பேண்டு கேட்டது, டியூபாவும் சேர்ந்து. அது ஓயும் வரை முடிச்சு வலப்பக்கமே இருந்தது. பிறகு கை தானாகப் போய் அதை அவிழ்த்தது. வருஷக்கணக்காகப் பழகிய அந்த இடத்தில் அவளுக்குக் குனிந்து பார்க்கத் தேவைப்படவில்லை.