ஒன்பதாயிரத்து அறுநூறு வேகத்தில் ஒரு ரகசியம்

கல்யாணமான முதல் வருடத்தில் நானும் என் கணவரும் எழுதிக்கொண்டதையெல்லாம் தாமிரபரணிக் கரையில் குறைந்தது ஐந்து பேர் படித்தார்கள். அவர் பாபநாசத்தில் மின்நிலையப் பொறியாளர். நான் பாளையங்கோட்டையில் இயற்பியல் டீச்சர், மாமியாரோடு வாசம். இருவரிடமும் அமெச்சூர் வானொலி உரிமம் இருந்தது. கணினியில் நான் தட்டுவதை மோடம் என்கிற சின்னப் பெட்டி பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வானொலி செட்டுக்குக் கொடுக்கும். அந்தப் பக்கம் இன்னொரு மோடம் அதைப் பிரித்துத் திரையில் காட்டும். எங்கள் மோடத்தின் வேகம் நொடிக்கு ஆயிரத்து இருநூறு பிட். மாவட்டத்தில் மோடம் வைத்திருந்த எல்லோரிடமும் அதே வேகம்தான் என்பதால் எங்கள் பொட்டலங்களை எல்லோரும் பிரித்தார்கள்.

டவுனில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் அண்ணாச்சி. காலையில் நான் குரலில் பேசுவதற்கென்று வைத்திருந்த பேச்சு செட்டைத் திறந்ததுமே ஆரம்பித்துவிடுவார். "டீச்சர், மாப்பிள்ளை நேத்து சோத்தைக் குழைய விட்டுட்டாராமே? ஒரு எட்டு போயிட்டு வரப்பிடாதா?" நான் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்வேன்.

அந்த ஐப்பசியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. டாக்டரம்மா உறுதி செய்துவிட்டார். அணையில் மழைக்கால வேலை. கணவருக்கு மூன்று வாரம் லீவு கிடையாது. போன் செய்தால் கண்ட்ரோல் ரூமில் எட்டுப் பேர் முன்னால்தான் பேச வேண்டும். கடிதம் எழுதிப் போட்டுவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் மூன்று நாள் உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும், அதுவும் என்னிடமிருந்தே, அவருக்கு மட்டும். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

வானொலியில் ரகசியக் குறியீடு வைத்து எழுதுவது சட்டப்படி குற்றம். வேகமாக எழுதுவது குற்றமில்லை! ஒன்பதாயிரத்து அறுநூறு வேக மோடம் அப்போது எங்கள் பக்கம் ஒருவரிடமும் கிடையாது. பெங்களூர் நண்பர் ஒருவர் அந்த மோடத்துக்கான சர்க்யூட் பலகைகள் இரண்டைத் தபாலில் அனுப்பியிருந்தார். அவற்றுக்கேற்ற இரண்டு செட்டுகள்தான் பாக்கி.

மேலப்பாளையத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. வானொலிக்காரர்கள் செட்டு வாங்கும் முறை ஒன்றுதான்: மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக் குரலைக் கேட்பது. நானும் அப்படியே செய்தேன். வளைகுடாவிலிருந்து வந்த செட்டு ஒரு ஜோடி, என் குரலையே எனக்குப் பிடிக்கவைத்தது. பக்கத்தில் டாக்ஸி கம்பெனி கழித்துப்போட்ட ஜோடி ஒன்று, செங்கல் கனம், தொண்டை கட்டிய தவளைக் குரல். யோசிக்கவே இல்லை. இனிய குரல் ஜோடியில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றதை மோடத்தோடு துணியில் சுற்றிப் பாபநாசம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன்.

ஒரு வாரம் ஒரு எழுத்தும் வரவில்லை. சிக்னல் முள் முழுதாக ஏறுகிறது, விளக்கு மினுக்குகிறது, திரை மட்டும் துடைத்துவைத்ததுபோல் இருக்கிறது. காலையில் குமட்டல் வேறு. அத்தை என்னை ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அழுகையும் ஆத்திரமுமாக செட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலப்பாளையம் போனேன்.

பாய் மோடத்தின் படத்தை விரித்துவைத்துப் பார்த்தார். "டீச்சர், இந்த செட்டு குரலுக்குப் பவுடர் போட்டு, தலை சீவித்தான் வெளிய விடுது. ஒங்க மோடத்துக்குக் கழுவாத மூஞ்சிதாம்லா வேணும்?"

மின்சுற்றில் வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. குரலை இனிமையாக்கும் பகுதிதான் வேகமான பொட்டலங்களை நசுக்கியிருக்கிறது. அதற்கு முன்பே கம்பி வைத்துச் சிக்னலை எடுக்க வேண்டும். அனுப்பும்போதும் மைக்கை ஒதுக்கிவிட்டு நேராக அலையை அசைக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். வளைகுடா செட்டுக்குள் ஊசி நுழையாது. தவளைக்குள் கையையே விடலாம்.

"பைய, பைய! சூடு பட்டுரும்," என்று பாய் பதற, மாற்றி வாங்கிய தவளைக்குள் கம்பியை நானே பற்றவைத்தேன். இன்னொரு தவளை பற்றவைப்புப் படத்தோடு பஸ் ஏறியது.

சனிக்கிழமை மத்தியானம் செட்டு டொக்கென்று ஒரு சத்தம் போட்டது. திரையில் அவர் எழுத்து, ஆங்கில எழுத்தில் நம் தமிழ்: சாப்பிட்டியா?

நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தேன். விஷயத்தை அடித்தேன். ஒரு கண்சிமிட்டில் போய்விட்டது. ஆயிரத்து இருநூறுக்காரர்களுக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டிருக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பதில் வந்தது: யாரிடமும் சொல்லாதே. லீவு கிடைத்ததும் நானே வந்து அம்மாவிடம் சொல்கிறேன்.

எவ்வளவு நிதானமான மனிதர் என்று நான் பெருமைப்பட்டு முடிக்கவில்லை. அலமாரியில் காலையிலிருந்து திறந்தே கிடந்த பேச்சு செட்டு அலறியது. "அண்ணாச்சி! கேக்கேளா? நான் அப்பா ஆகப் போறேன்! யாரு இருந்தாலும் கேட்டுக்கிடுங்க!"

மாவட்டமே ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வாழ்த்தியது. அண்ணாச்சிக்கு மட்டும் மனத்தாங்கல். "டீச்சர், இது எங்கண்ணுல படவே இல்லையே! எங்கன வச்சுப் பேசுனிய?"

திரும்பினால் அடுப்படி வாசலில் கரண்டியோடு அத்தை. கோபமா சிரிப்பா, முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. நேரே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, அந்த மைக்கை இங்கன குடு."

உரிமம் இல்லாதவர் மைக்கில் பேசக் கூடாது என்பது சட்டம். நான் பொத்தானை அழுத்திக் கொடுத்தேன்.

"ஏல, பெத்தவகிட்ட சொல்லுத லெச்சணமால இது? அணை எங்கயும் ஓடிராது. நாளைக்குக் காலைல இங்கன வந்து நில்லு."

பாபநாசத்திலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"சரிம்மா."