முகவரியை எங்கே எழுதுவது

போன வாரம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஈயத்தில் சூட்டுக்கோலை வைத்ததும் மெல்லிய புகை எழுந்தது. பிசின் கருகிய அந்த வாசனை உங்களுக்கு என்ன செய்யுமோ தெரியாது. எனக்கு அது வந்தால் கனகாவின் நினைப்பும் கூடவே வந்துவிடும்.

பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி. மூன்றாவது மாடியில், ஜன்னலே திறக்காத ஒரு லேப்பில் நாள் முழுக்க இந்தப் புகைதான். தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜுகளுக்கு அலாரம் கருவி செய்தோம். உள்ளே சூடு ஏறினால் அது கத்த வேண்டும், அவ்வளவுதான். போர்டில் இருக்கும் சிப்போடு பேசுகிற டிரைவர் என்ற புரோகிராமை எழுதுவது என் வேலை. "எம் மவன் டிரைவர் எழுதறான்" என்று அம்மா பெருமையாகச் சொல்லப்போய், பக்கத்து வீட்டுக்காரர் "லாரியா, பஸ்ஸாம்மா?" என்று கேட்டாராம். லாரியே ஓட்டியிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்ததுண்டு.

நான் சேர்ந்து ஒரு வருஷம் கழித்துக் கனகா சேர்ந்தாள். அவளும் நம்மூர்தான். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதை மூடியபோது மற்றவர்களோடு வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டார். பெங்களூர் போகும் காலை ரயிலில் நான் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறுவேன், அவள் அடுத்த ஸ்டேஷனான ஊர்காமில். கதவோரம் நின்றுகொண்டே வேலைப் பேச்சுப் பேசுவோம்.

எங்கள் பெரிய சண்டையும் அங்கேதான் நடந்தது. சூட்டை அளக்கும் பகுதி, தன் கணக்கை மெமரியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைக்கும். அந்த இடத்தின் அட்ரஸ் தெரிந்தால்தான் டிரைவர் போய்ப் படிக்க முடியும். அதை டிரைவருக்குள்ளேயே எழுதிவிடலாம். அல்லது, போர்டில் எது எங்கே இருக்கிறது என்று தனியாக விவரம் சொல்லும் டிவைஸ் ட்ரீ என்ற ஃபைலில் எழுதி, டிரைவரை அங்கே பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

"இன்னாண்ணா நீ? நாளைக்கி போர்டு மாறினா அட்ரஸும் மாறிடும். ட்ரீல இருந்தா அத்த மட்டும் மாத்திக்கலாம். டிரைவர் உள்ள பூட்டி வெச்சிட்டா யாருக்குத் தெரியும்?"

"ஒரே போர்டுதான் கனகா. நாலு நாள்ல சரக்கு போவணும்."

நாலு நாள் என்பது நிஜம்தான். ஆனால் காரணம் அதுவல்ல. எனக்கு டிவைஸ் ட்ரீ அவ்வளவாகத் தெரியாது. எனக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்தவளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வெட்கமாக இருந்தது. சீனியர் நான், அதனால் என் பேச்சே எடுபட்டது. அட்ரஸை டிரைவருக்குள் எழுதினேன்.

எட்டு மாதத்தில் போர்டு மாறியது. விலை குறைந்த வேறு சிப். அந்த வேலை கனகாவுக்கு வந்தது. புது அட்ரஸை டிவைஸ் ட்ரீயில் சரியாக எழுதிவிட்டு ரயிலில் என்னிடம் கேட்டாள்.

"டிரைவர் இனிமே ட்ரீல இருந்து படிக்கும் இல்ல? மாத்திட்டியாண்ணா?"

"மாத்திட்டேன்" என்றேன். மாற்றவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாகச் செய்துவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் வேறு ஏதோ வேலை வந்தது. அப்புறம் மறந்தே போனேன்.

டிரைவர் பழைய இடத்திலேயே போய்ப் படித்தது. புது சிப்பில் அந்த இடத்தில் வேறு ஏதோ ஓர் எண் அசையாமல் உட்கார்ந்திருந்தது. எங்கள் கணக்குப்படி அது ஏறக்குறைய நாலு டிகிரி. நல்ல ஃபிரிட்ஜ் எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவு. லேப்பில் இருந்த ஃபிரிட்ஜும் நாலு டிகிரியில்தான் இருந்தது. சோதனையில் எல்லாம் சரி என்று வந்ததும் கேக் வெட்டினோம்.

கோடையில் எங்கோ ஒரு சுகாதார நிலையத்தில் ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜ் வெந்துபோனது. பேட்டரியில் ஓடிய எங்கள் கருவி நாலு டிகிரி என்று காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. நல்லவேளை, கவனித்துவிட்டார்கள், எந்தக் குழந்தைக்கும் அந்த மருந்தைப் போடவில்லை. அத்தனையையும் கொட்டினார்கள்.

மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார்: "புது போர்டு யாரோடது?"

"என்னோடது சார்" என்றாள் கனகா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அது மூடியிருந்தது.

அன்று சாயங்காலமே டிரைவரைத் திருத்தினேன். பத்துப் பதினைந்து வரிதான். யாராவது எடுத்துப் பார்த்திருந்தால் பிழை யாருடையது என்று தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாள், வீடு திரும்பும் ரயில் பங்காருபேட்டையைத் தாண்டியது. அப்போது கனகா சொன்னாள்: "நீ சொல்லுவேன்னு நெனச்சேண்ணா."

"நாளைக்கி மேனேஜர்கிட்ட பேசறேன் கனகா."

"வேணாம். வுடு."

ஊர்காமில் இறங்கிப் போனாள். மறுநாள் நான் யாரிடமும் பேசவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

ஒரு வருஷம் கழித்து, மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி, குந்துங்க. பாப்பா எல்லாம் சொல்லிச்சி. அத்தினி பேரும் வாய மூடிக்கினு இருந்தப்ப, நீங்க ஒருத்தர்தான் அதுக்காவ பேசினீங்களாமே. நல்லா இருக்கணும் நீங்க."

கனகா காபி டம்ளரோடு உள்ளிருந்து வந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொல்லியிருந்தாள்? பெற்றவரின் மனசு ஆறட்டும் என்றா, தனக்காக ஒருவராவது பேசினார் என்று இருக்கட்டும் என்றா? நான் கேட்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கனகா அந்தத் தொழிலுக்குத் திரும்பவே இல்லை. கொஞ்ச நாள் டியூஷன் எடுத்தாள். கல்யாணமாகி ஹுப்ளிப் பக்கம் போனாள் என்றார்கள். அவள் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்தக் கருவிகளும் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். கனகாவின் அப்பா இறந்த செய்தி எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சாகும்வரை, ஊர்காமில் யார் கேட்டாலும் என்னைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.