பூட்டைத் திறக்க ஒரு சிங்களக் கடிதம்

எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும். எங்கள் இறப்பர் தோட்டத்திலிருந்து ருவான்வெல்லைக் கடைவீதிக்கு இறங்கினால் அது இல்லாமல் முடியாது. பிரதேச செயலகத்தில் என் மேசைக்கு வருபவர்களிடமும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசுகிறேன். எழுதத்தான் வராது. ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் பக்கத்து மேசையில் இருக்கும் சிங்களப் பெண்ணிடம் போய் நிற்பேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், சிங்கள வழக்கப்படி தங்கச்சி என்ற அர்த்தத்தில் நங்கி என்றுதான் கூப்பிடுவேன். தோட்டத்து ஆட்கள் 'நம்ம புள்ள ஆபீஸ்ல இருக்கு' என்று என்னைத் தேடி வருவார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு அவளிடமே போவேன். நாற்பத்தாறு வயதில் அது எனக்குக் கூச்சமாக இருந்தது.

அரச ஊழியர்களுக்கான சிங்கள எழுத்துப் பரீட்சையில் இரண்டு முறை தவறியிருந்தேன். மூன்றாவது பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தபோது நாட்குறிப்பைப் புரட்டினேன். மாலையில் படிக்க உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இரண்டும் அதில் இருக்கும். நடுவில் போனை எடுத்த ஒவ்வொரு முறைக்கும் ஓரத்தில் ஒரு கோடு. ஒரு செவ்வாய்க்கிழமை இருபத்தேழு கோடுகள். படித்தது ஒரு பக்கம்.

அன்றே, மற்ற ஆப்களைப் பூட்டி வைக்கும் ஓர் ஆப்பைப் போனில் ஏற்றினேன். ஐந்தரையிலிருந்து ஏழரை வரை வாட்ஸ்அப், முகநூல், யூடியூப் எதுவும் திறக்காது. முதலில் கடவுச்சொல் வைத்தேன். நான் வைத்த கடவுச்சொல்லை நானே போட்டு முதல் மூன்று நாளும் திறந்தேன். பிறகுதான் வேறொரு வழி கண்ணில் பட்டது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக நீளமான பத்தி ஒன்றை வைக்கலாம். ஒவ்வொரு முயற்சிக்கு முன்னாலும் ஆப் அதைக் காட்டும், தட்டத் தொடங்கியதும் மறைத்துவிடும். ஓரிடத்தில் பிசகினாலும் தட்டியதெல்லாம் அழிந்துபோகும்.

என்னால் எழுத முடியாததை வைத்துவிட்டால் திறக்கவே முடியாதே! மறுநாள் நங்கியிடம் ஒரு கடிதம் கேட்டேன். தண்ணீர்க் குழாய் உடைந்ததைப் பற்றிச் சிங்களத்தில் எட்டு வரி தட்டி என் போனில் போட்டுத் தந்தாள். இது பூட்டு இல்லை அக்கே, தண்டனை என்று சிரித்தாள்.

ஒன்பது நாள் பூட்டு அசையவில்லை. பத்தாம் நாள் சேலைப் பிரச்சினை வந்தது. கோயில் திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை எடுப்போம். நிறத்தை வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டில் இருக்கும் என் நாத்தனார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"மதினி! இன்னும் ஓட்டுப் போடலியா? பச்சை ஏறிக்கிட்டே போகுது. ஆறு மணிக்கு முடிச்சிருவாங்க!"

"பூட்டிக் கெடக்குடி!"

"சொந்தப் போனத் தனக்கே பூட்டி வச்சிக்கிட்ட ஆள இப்பதான் பாக்குறேன்."

வீட்டுக்காரர் தேத்தண்ணீரோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். "கடுதாசிய எழுதித் தொற. நம்ம பைப்பையாவது வந்து சரி பண்ணுவாங்க" என்றார்.

பச்சை எனக்கு ஆகவே ஆகாது. தட்டத் தொடங்கினேன். இரண்டாம் வரியில் அழிந்தது. அடுத்த முறை நான்காம் வரியில். நாட்குறிப்பை எடுத்து, ஆப் காட்டியதைப் பார்த்துப் பேனாவால் முழுக் கடிதத்தையும் எழுதி, தடுக்கிய சொற்களை வட்டமிட்டேன். நாட்குறிப்பை மூடிவிட்டு மீண்டும் தட்டினேன். ஐந்தாம் வரி. மறுபடி எழுதினேன், மறுபடி தட்டினேன். ஆறாவது முயற்சியில், ஐந்து ஐம்பத்தெட்டுக்கு, பூட்டு திறந்துகொண்டது!

போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். "தொறந்துருச்சுங்க! பாக்காம எழுதிட்டேன், எட்டு வரியும்!"

"ஜெயிச்சது யாரு?"

"நான்தான்!"

"நான் சேலையக் கேட்டேன்."

குரூப்பைப் பார்க்கவே மறந்துவிட்டேன். பார்த்தபோது மணி ஆறு தாண்டியிருந்தது. பச்சை.

அதற்குப் பிறகு குழாய்க் கடிதம் பூட்டாக நிற்கவில்லை. நான்கு நிமிடத்தில் திறந்துவிடுவேன். நங்கியிடம் லீவு கேட்கும் கடிதம் வாங்கினேன். அதையும் ஐந்தே நாளில் உடைத்தேன். பிறகு பாதை பழுது, பிறகு தொலைந்த அடையாள அட்டை. இப்போதும் போன் ஆசை குறையவில்லை. ஆனால் அந்த ஆசை தீர நான் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதியாக வேண்டியிருந்தது. நாட்குறிப்பின் ஓரத்தில் கோடுகள் நின்று, பக்கங்களில் கடிதங்கள் நிறைந்தன.

கேகாலையில் பரீட்சை நடந்தது. கடைசிக் கேள்வி, உடைந்த பாலத்தைப் பற்றி அலுவலகத்துக்கு ஒரு கடிதம். பேனா நிற்காமல் ஓடியது. முடித்துவிட்டு நேரம் பார்த்தேன், இன்னும் பதினெட்டு நிமிடம் மிச்சம்.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு நாற்பதுக்கு வந்தது. சித்தி, பாஸாகிவிட்டேன். அப்போது என் மேசைக்கு முன்னால் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி பிறப்புச் சான்றிதழ் விஷயமாக வந்து நின்றிருந்தாள். பழக்கத்தில் நங்கி எழுந்து தாளுக்குக் கை நீட்டினாள். வந்தவளும் அவள் பக்கம் நகர்ந்தாள்.

"அங்க போக வேணாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். "இப்பிடி உக்காருங்க. பேரச் சொல்லுங்க, எழுதுறேன்."